காக்கையும் பனம்பழமும்: மக்கின்டாஷ் போர்ட்டபிள் ஏன் கண்விழிப்பதில்லை?

பழைய கணினிகளைச் சீர்செய்வோரிடையே ஒரு புலம்பல் அடிக்கடி கேட்கும். "பிரிப்பதற்கு முன்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது. தூசு தட்டித் துடைத்து, எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே பொருத்தினேன். இப்போது அசையவே மாட்டேன் என்கிறது." இந்த மூன்று வாக்கியங்களுக்குள் சொல்லாமலேயே ஒரு முடிவு அமர்ந்திருக்கிறது: பிரித்ததனால்தான் பழுதானது. தருக்க நூலோர் இதைக் காகதாலீய நியாயம் என்பர். ஊர் வழக்கில் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. முன்னது முன்னே நிகழ்ந்ததாலேயே பின்னதற்குக் காரணமாகிவிடாது என்பதை வரலாற்று மாணவர்கள் முதலாண்டிலேயே கற்கிறார்கள். ஆயினும் மேசைமேல் ஓர் இயந்திரம் மௌனமாகக் கிடக்கும்போது, கையில் திருப்புளியோடு நிற்பவருக்கு அந்தப் பாடம் நினைவுக்கு வருவதில்லை.

இந்தப் புலம்பலுக்கு மிகுதியும் ஆளாகும் இயந்திரங்களுள் ஒன்று மக்கின்டாஷ் போர்ட்டபிள். 1989 செப்டம்பர் 20 அன்று ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட, மின்கலத்தில் இயங்கும் முதல் மக்கின்டாஷ் இதுவே. எடை ஏறத்தாழ 7.2 கிலோ, தடிமன் 10 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், அமெரிக்க விலை ஏறத்தாழ 6,500 டாலர். 16 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் மோட்டோரோலா 68000 வகைச் செயலி, 640-க்கு 400 புள்ளிகள் கொண்ட கருப்பு வெள்ளைத் திரை, 1 மெகாபைட் நினைவகம். மடிக்கணினி என்று நாம் இன்று சொல்வதை அன்று இதற்குச் சூட்ட எந்த மடியும் ஒப்பியிராது. பெயரிலேயே அந்த அடக்கம் இருக்கிறது: போர்ட்டபிள், அதாவது தூக்கிச் செல்லத்தக்கது. தூக்கிச் செல்லும்போதே இயக்கலாம் என்பது வேறு செய்தி.

இந்த இரண்டு பொருள்களும் ஒரே சொல்லுக்குள் எப்படிக் கலந்தன என்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும். 1981-இல் ஆஸ்பர்ன் 1 என்ற கணினி 1,795 டாலருக்கு வந்தது. அதை உருவாக்கிய ஆடம் ஆஸ்பர்ன், ரமண மகரிஷியின் அணுக்கத் தொண்டராக இருந்த ஆர்தர் ஆஸ்பர்னின் மகன். இளமையைத் திருவண்ணாமலையில் கழித்தவர். 2003-இல் கொடைக்கானலில் மறைந்தவர். ஏறத்தாழ 11 கிலோ எடையுள்ள அவருடைய கணினியும் 'போர்ட்டபிள்' என்றே விற்கப்பட்டது. ஆனால் அதற்குள் மின்கலம் கிடையாது. தூக்கிச் சென்ற இடத்தில் சுவரில் மின்துளை இருந்தால்தான் வேலை நடக்கும். இன்று ஓர் ஆஸ்பர்ன் 1 தொடங்காவிட்டால் தேடவேண்டிய இடங்கள் பெரும்பாலும் பெட்டிக்குள்ளேயே உள்ளன. மக்கின்டாஷ் போர்ட்டபிளின் நிலை அத்தகையதன்று. அதன் மௌனத்துக்கான காரணங்கள் பெட்டிக்கு வெளியிலும் சிதறிக் கிடக்கின்றன.

முதற்காரணம் மின்கலம். போர்ட்டபிளில் இருப்பது 6 வோல்ட் ஈய அமில மின்கலம். ஸ்கூட்டரிலும் காரிலும் உள்ள வேதியியலே இங்கும். எடை கூடினாலும் ஒருமுறை மின்னேற்றினால் பத்து மணி நேரம் வரை தாங்கும் என்பதே வடிவமைப்பாளர்களின் கணக்கு. அக்காலத்தில் இது வியப்பூட்டும் அளவு. இந்த நீடிப்புக்காகவே நினைவகத்துக்கும் விலையுயர்ந்த நிலைவகை நினைவகச் சில்லுகளைத் தேர்ந்தார்கள். சாதாரண நினைவகம் தன்னிடமுள்ளதை மறவாதிருக்க நொடிக்குப் பலமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். நிலைவகைக்கு அது தேவையில்லை, சிறு மின்னோட்டம் போதும். ஆகவே பயன்படுத்துபவர் வேலையைப் பாதியில் நிறுத்தி இயந்திரத்தை உறங்கவைத்து, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இன்று எல்லோரும் மூடியை மடக்கிவிட்டு எழுந்து போகிறோமே, அந்தப் பழக்கத்துக்கு மக்கின்டாஷ் குடும்பத்தில் இங்குதான் தொடக்கம்.

இந்த வசதிக்குள் ஒரு நிபந்தனை மறைந்திருந்தது. சுவரிலிருந்து வரும் மின்னூட்டி, இயந்திரத்தை நேரடியாக ஓட்டுவதற்கென்று அமைந்ததன்று. அது மின்கலத்தை நிரப்பும். மின்கலம் இயந்திரத்தை ஓட்டும். குறிப்பாகத் தொடக்க நொடிகளில் வன்தட்டின் சுழல்பொறி நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும்போது இழுக்கும் மின்னோட்டத்தை அந்தச் சிறு மின்னூட்டி தனியாகத் தாங்காது. அணைக்கட்டில் நீர் இல்லாதபோது வாய்க்காலின் மதகைத் திறந்து பயனில்லை. மேலிருந்து சிற்றோடை வந்துகொண்டிருந்தாலும் கடைமடைக்கு எட்டாது. ஆகவே மின்கலம் செத்துப்போன போர்ட்டபிள், மின்னூட்டி இணைந்திருந்தாலும் தொடங்காது. பின்னாளைய மடிக்கணினிகளில் பழகியவர், மின்கலத்தைக் கழற்றி எறிந்துவிட்டு நேரடி மின்சாரத்தில் ஓட்டலாம் என்று எதிர்பார்க்கிறார். இந்த இயந்திரம் உருவான காலத்தில் அந்த எதிர்பார்ப்பு இன்னும் வழக்காகவில்லை.

ஈய அமில மின்கலத்தின் இயல்பையும் இங்கே சொல்ல வேண்டும். நெடுநாள் மின்னேற்றாமல் விட்டால் தகடுகளின் மேல் ஈய சல்பேட்டுப் படிகங்கள் இறுகிப் படியும். அதன்பின் எவ்வளவு மின்னேற்றினாலும் கலம் பழைய கொள்ளளவுக்குத் திரும்பாது. போர்ட்டபிளோ உறங்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். அலமாரியில் வைத்து மறக்கப்பட்ட ஒவ்வோர் இயந்திரமும் தன் மின்கலத்தைத் தானே மெல்ல வறட்டிவிட்டது என்பதே உண்மை. ஒருவர் அரைகுறை உயிரோடு இருந்த மின்கலத்தைக் கொண்டு இயந்திரத்தை ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறார், ஓடுகிறது. பிரித்து ஒரு வாரம் மேசையில் வைக்கிறார். அந்த வாரத்தில் எஞ்சிய மின்னேற்றமும் கசிந்துவிடுகிறது. மீண்டும் சேர்க்கிறார், ஓடவில்லை. பனம்பழம் விழுந்துவிட்டது. காக்கையின் மேல் பழி.

எல்லாக் காக்கைகளும் குற்றமற்றவை என்று சொல்லிவிடவும் முடியாது. போர்ட்டபிளில் மின்விசை பொத்தான் என்று ஒன்று கிடையாது. விசைப்பலகையில் ஒரு விசையைத் தட்டினால் அது விழித்துக்கொள்ளும். இயந்திரம் அணைந்திருப்பதாகத் தோன்றும்போதும் மின் மேலாண்மைக்கென்று உள்ள ஒரு சிறு நுண்கட்டுப்பாட்டகம் விழித்திருந்து, விசைத் தட்டலுக்குக் காத்திருக்கும். இதன் பின்விளைவு எளிது: விசைப்பலகையை இணைக்கும் கேபிள் சரியாக அமராவிட்டால், உள்ளே அனைத்தும் நலமாக இருந்தாலும் இயந்திரம் செத்ததாகவே தோன்றும். தட்டுபவரின் விரல் கதவைத் தட்டுகிறது. கதவுக்கும் வீட்டுக்கும் இடையே இணைப்பில்லை.

மின்கலப் பெட்டியின் மூடியும் இதே இனம். முதன்மை மின்கலத்தை மாற்றும் சில நிமிடங்களுக்கு நினைவகம் அழியாதிருக்க, உள்ளே 9 வோல்ட் சிறு மின்கலம் ஒன்று உண்டு. டிரான்சிஸ்டர் வானொலிகளில் போடப்பட்ட அதே செவ்வகக் கலம். மூடி திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதை ஒரு நெம்பு விசை உணர்ந்து, எந்தக் கலத்திலிருந்து மின்சாரம் எடுப்பது என்று முடிவு செய்யும். மூடியைப் போடாமல் சோதித்துப் பார்ப்பவர் — சீர்செய்வோர் அனைவரும் அப்படித்தான் சோதிப்பர், மீண்டும் திறக்க வேண்டியிருக்கும் அல்லவா — இயந்திரத்தைக் காப்பு நிலையில் வைத்துக்கொண்டே அது ஓடவில்லை என்று வருந்துகிறார். வெறும் பிளாஸ்டிக் துண்டாகத் தோன்றும் மூடி சுற்றின் ஓர் உறுப்பு. ஏலத்தில் மூடி இல்லாமல் விற்கப்படும் போர்ட்டபிளை வாங்கியவர் இந்தச் செய்தியைப் பெரும்பாலும் தாமதமாகவே அறிகிறார்.

இந்த இடத்தில் வடிவமைப்பின் ஒரு முரணைக் கவனிக்கலாம். போர்ட்டபிள் பயனர் பிரிப்பதற்கு இசைந்த இயந்திரம். சுட்டியாகப் பயன்படும் உருள்பந்தை விசைப்பலகையின் வலப்புறமிருந்து கழற்றி, இடக்கை வழக்கமுள்ளவர் இடப்புறம் பொருத்திக்கொள்ளலாம். அதை நீக்கிவிட்டு எண்பலகையையும் வைத்துக்கொள்ளலாம். பின்மூடி திருப்புளியின்றித் திறக்கும். நினைவக விரிவாக்கத்துக்கும் மோடத்துக்கும் உள்ளே இடங்கள் உண்டு. 1984-இன் முதல் மக்கின்டாஷ் நீண்ட கைப்பிடி கொண்ட தனிவகைத் திருப்புளி இல்லாமல் திறக்க முடியாதபடி மூடப்பட்டிருந்ததை நினைத்தால், ஐந்தாண்டுகளில் நிகழ்ந்த மனமாற்றம் புலப்படும். பிரித்துச் சேர்ப்பது இந்த இயந்திரத்துக்குப் பகையன்று. அப்படியிருந்தும் இன்று பிரித்துச் சேர்த்தபின் ஓடாததற்கு வடிவமைப்பைவிட வயதே பெரிய காரணம். முப்பத்தைந்து ஆண்டுகளில் பிளாஸ்டிக் கொக்கிகள் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிட்டன. அன்று வளைந்துகொடுத்தவை இன்று முறிகின்றன.

வயதின் இன்னொரு முகம் மின்தேக்கிகள். 1980-களின் இறுதியில் மின்சுற்றுப் பலகைகளின் மேற்பரப்பிலேயே ஒட்டவைக்கும் சிறு அலுமினிய மின்தேக்கிகள் பரவலாயின. உள்ளே மின்பகு திரவம், அடியில் ரப்பர் அடைப்பு. ஆண்டுகள் செல்ல அடைப்பு தளர்ந்து, திரவம் பலகையின் மேல் கசிகிறது. கசிந்த திரவம் செப்புத் தடங்களை அரிப்பதோடு, இணையக்கூடாத தடங்களுக்கிடையே மெல்லிய மின்பாதைகளையும் ஏற்படுத்துகிறது. சால்டர் இரும்பை அதன்மேல் வைத்தால் மீன் நாற்றம் எழும். அந்த நாற்றத்தையே நோய்க்குறியாகக் கொள்ளும் சீர்செய்வோர் உண்டு. 2000-ஆம் ஆண்டையொட்டி மேசைக் கணினிகளைத் தாக்கிய 'மின்தேக்கிக் கொள்ளைநோய்' வேறு நிகழ்வு. அது தவறான மின்பகு கலவையால் சில ஆண்டுகளிலேயே வெடித்தவற்றின் கதை. இரண்டையும் ஒன்றாக்கி எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது. போர்ட்டபிள் காலத்து மின்தேக்கிகள் தம் காலத்தில் ஒழுங்காக உழைத்து, பின் மூப்பால் கசிந்தவை.

கசிவு எங்கே நிகழ்கிறது என்பதைப் பொறுத்து மௌனத்தின் வகை மாறும். ஒலிப்பகுதியில் கசிந்தால் இயந்திரம் தொடங்கியிருந்தும் தொடக்க ஓசை கேட்காது. 1989-இன் திரைக்குப் பின்னொளியும் இல்லை. அறை வெளிச்சத்தை எதிரொளித்தே அது தெரியும். ஓசையும் எழாமல், மங்கிய அறையில் திரையும் தெரியாமல் போனால், ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தையே செத்ததென்று முடிவு கட்டிவிட முடியும். 1984 முதல் மக்கின்டாஷ்கள் பிழையைச் சொல்ல ஒரு மொழி வைத்திருந்தன: கண்ணிடத்தில் பெருக்கல் குறி போட்ட சோக முகம், அதன் கீழ்ப் பதினாறடிமான எண்கள். அந்த முகம் தோன்றினால் சீர்செய்பவர் மகிழ்வார். செயலி ஓடுகிறது, திரை வேலை செய்கிறது, எங்கே குற்றம் என்று இயந்திரமே சொல்லிவிட்டது. பிழைச்செய்தி தரக்கூட முடியாத மௌனமே கடினம். அங்கே சான்று என்று ஒன்றும் இல்லை.

சான்றில்லாத இடத்தில் செய்யத்தக்கது ஒன்றே. மொழியியலில் ஒலியன்களைக் கண்டறிய ஒரே ஓர் ஒலியால் மட்டும் வேறுபடும் சொல்லிணைகளை எடுத்துக்கொள்வர்: கல், கால், பல், பால். வேறுபாடு இரண்டிடத்தில் இருந்தால் எது பொருளை மாற்றியது என்று கூற இயலாது. பழுது தேடலும் அதே நெறியில் நடக்கிறது. வன்தட்டு, மோடம், கூடுதல் நினைவகம் அனைத்தையும் நீக்கி, இயங்குவதற்குத் தேவையான குறைந்த உறுப்புகளை மட்டும் வைத்துச் சோதிப்பர். இரு மின்கலங்களையும் சில நிமிடங்கள் எடுத்துவிட்டு, மின் மேலாண்மைக் கட்டுப்பாட்டகம் தன் பழைய நிலையை மறக்க விடுவர். பிறகு நல்ல மின்கலத்தைப் பொருத்தி, மூடியைப் போட்டு, ஒரு விசையைத் தட்டுவர். ஒவ்வொன்றாகச் சேர்ப்பர். பதற்றத்தில் மூன்றை ஒரே நேரத்தில் மாற்றியவருக்கு இயந்திரம் ஓடினாலும், ஏன் ஓடியது என்பது தெரியாமலே போகும்.

பதற்றத்தின் விலை இங்கு சிறிதன்று. பிரித்ததனால்தான் கெட்டது என்று நம்பியவர் மீண்டும் மீண்டும் பிரிக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒரு கொக்கி முறிகிறது, ஒரு ரிப்பன் கேபிளின் முனை தேய்கிறது. இறுதியில் "தாய்ப்பலகை போய்விட்டது" என்று தீர்ப்பளித்துத் திரையை ஒருவருக்கும் உருள்பந்தை இன்னொருவருக்கும் விற்றுவிடுகிறார். புதிய மின்கலமும் சில மின்தேக்கிகளும் இருந்திருந்தால் எழுந்திருக்கக்கூடிய இயந்திரம் உறுப்புகளாகக் கலைகிறது. அதனோடு வன்தட்டும் போகிறது. அந்த 40 மெகாபைட்டுக்குள் யாரோ ஒருவரின் ஆய்வேட்டு வரைவு இருந்திருக்கலாம், ஒரு களப்பணியின் தரவு இருந்திருக்கலாம். பார்க்க ஒருவரும் எஞ்சவில்லை.

ஆகவே போர்ட்டபிளைப் 'பிரித்துச் சேர்த்தல்' என்னும்போது சேர்க்கப்பட வேண்டியவை எவை என்று கேட்பது பொருந்தும். பெட்டிக்குள் இருந்தவை எல்லாம் திரும்பப் பெட்டிக்குள் போய்விட்டன. ஒரு திருகாணிகூட மிச்சமில்லை. ஆனால் 1989-இல் இந்த இயந்திரம் ஓடியதற்குப் பெட்டிக்குள் இல்லாதவையும் துணைநின்றன. மின்கலம் தளர்ந்தால் வாங்கித்தந்த முகவர், பழுதுநீக்கக் கையேடு வைத்திருந்த அங்கீகரிக்கப்பட்ட தொழில்நுட்பர், மாற்று உறுப்பு அனுப்பிய கிடங்கு, மாதந்தோறும் மின்னேற்றிவந்த உரிமையாளர். இவற்றுள் ஒன்றுகூட இன்று மேசைமேல் இல்லை. பழுதுநீக்கக் கையேடுகள் அன்று பொதுமக்களுக்கு விற்கப்பட்டவை அல்ல. பின்னாளில் ஆர்வலர்கள் தேடி எடுத்து நகலாக்கியதாலேயே இன்று படிக்கக் கிடைக்கின்றன. அந்த நகல்களைத் திரட்டியோர், மின்கலத்தின் பழைய உறையைப் பிளந்து, ஒவ்வொன்றும் 2 வோல்ட் தரும் மூன்று புதிய கலங்களை உள்ளே அடுக்கக் கற்றோர், மின்தேக்கி மாற்றும் பட்டியலை உருவாக்கியோர் ஆகியோரே, கலைந்துபோன அந்த வலையை வேறு நூலால் மீண்டும் பின்னுகிறார்கள்.

தொழில்நுட்ப வரலாற்று நூல்களில் மக்கின்டாஷ் போர்ட்டபிளுக்கு ஒதுக்கப்படும் வரிகள் பெரும்பாலும் ஒரே தொனி கொண்டவை: கனமானது, விலை மிகுந்தது, விற்கவில்லை. 1991 அக்டோபரில் பவர்புக் 100, 140, 170 ஆகியவை வந்ததும் அது விலக்கப்பட்டது. பவர்புக் 100-இன் எடை 2.3 கிலோதான், சோனி நிறுவனத்தின் துணையோடு போர்ட்டபிளின் உள்ளமைப்பையே சுருக்கி உருவாக்கியது. தோல்வியின் குடலிலிருந்து வெற்றி பிறந்தது என்று கதை அழகாக முடிகிறது. கனமும் விலையும் மறுக்க முடியாதவை. ஆனால் இன்று அருங்காட்சியகங்களிலும் சேகரிப்பாளர்களிடமும் உள்ள போர்ட்டபிள்கள் பலவும் தொடங்காத நிலையில் கிடப்பது அந்தத் தீர்ப்புக்குச் சத்தமில்லாமல் வலுச்சேர்க்கிறது. ஓடாத இயந்திரத்தைப் பார்ப்பவர், அது என்றுமே நன்றாக ஓடியிராது என்று எளிதில் நம்பிவிடுகிறார். 1991 ஆகஸ்டில் அட்லாண்டிஸ் விண்ணோடம் எஸ்டிஎஸ்-43 பயணத்தில் சென்றபோது உடன் சென்றது ஒரு மக்கின்டாஷ் போர்ட்டபிள். ஷானன் லூசிட், ஜேம்ஸ் ஆடம்சன் ஆகிய விண்வெளி வீரர்கள் அதிலிருந்தே ஆப்பிள்லிங்க் வழியாக விண்ணிலிருந்து முதல் மின்னஞ்சலை அனுப்பினர். முப்பதாண்டுக்குப் பிந்தைய மௌனத்தை வைத்து அந்த ஆகஸ்டை எடைபோடுவதும் ஒருவகைக் காகதாலீயமே; இங்கே காக்கை பின்னால் வந்து அமர்ந்து, முன்பே விழுந்த பழத்துக்கு உரிமை கொண்டாடுகிறது.

எல்லாம் கைகூடி ஒரு நாள் விசையைத் தட்டியதும் ஓசை எழுந்து, திரையில் சிரித்த முகம் வந்துவிட்டால், ஆவணக்காப்பாளருக்கு இன்னொரு வேலை எஞ்சியிருக்கிறது. மக்கின்டாஷின் நாட்கணக்கு 1904 ஜனவரி 1-இல் தொடங்குவது. 1900 லீப் ஆண்டன்று. நூற்றாண்டின் முதல் லீப் ஆண்டிலிருந்து எண்ணினால் கணக்கு எளிது என்பதே காரணம். மின்சாரத்தை முற்றிலும் இழந்த கடிகாரம் அந்த முதல் நாளுக்கே திரும்பிவிடக்கூடும். அந்த நிலையில் 1990-இல் எழுதப்பட்ட ஒரு கோப்பைத் திறந்து, ஓர் எழுத்தைத் தொட்டுச் சேமித்தால், அது கடைசியாகத் திருத்தப்பட்ட நாள் 1904 என்று பதிவாகிவிடும். உண்மையான நாள் அதன்பின் அந்த வட்டில் எங்கும் இராது. ஆகவே அனுபவமுள்ளவர்கள் எந்தக் கோப்பையும் திறப்பதில்லை. முதலில் வட்டு முழுவதையும் அப்படியே படியெடுத்துக்கொள்கிறார்கள்; அதன்பிறகே கடிகாரத்தைத் திருத்துகிறார்கள்.